தொற்றும், ஆனால் ஒட்டாது: லெஜியோனெல்லா நிமோனியா



கோவிட்-19 வந்துபோன பிறகு, கருத்தறிதல் பகுதிகளிலும் கட்டுரைத் தலைப்புகளிலும் நோய் பற்றிய செய்திகளை அடிக்கடி பார்க்கிறோம். நம்ம பிள்ளைகளிடம் "தொற்றுநோய் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் நோய்" என்று உடனே பதில் வரும். முகக்கவசம், இடைவெளி, கைகழுவுதல் என்ற மூன்று குறிப்புகளும் கூடவே வரும். இந்த விடை பல நோய்களுக்குச் சரி. எல்லா நோய்க்கும் சரியா என்றால், இல்லை. டெங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். டெங்கி நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தால் டெங்கி வராது, ஏடிஸ் கொசு கடித்தால்தான் வரும். அதனால்தான் நாம் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுகிறோமே தவிர, முகக்கவசம் போட்டுக்கொள்வதில்லை.

இதில் தமிழ்ச் சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். "தொற்று" என்றால் பற்றிக்கொள்வது. எங்கிருந்து வந்து பற்றிக்கொண்டது என்பது அந்தச் சொல்லில் இல்லை. கொசுவிலிருந்து, மண்ணிலிருந்து, தண்ணீரிலிருந்து, மனிதரிடமிருந்து, எங்கிருந்து வந்தாலும் தொற்றுதான். ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டுகிற நோய்க்குத் தமிழில் இன்னொரு சொல் இருக்கிறது: ஒட்டுவாரொட்டி. ஒட்டுகிறவர்களையெல்லாம் ஒட்டிக்கொள்வது என்று பொருள். கண்வலிக்கும் சொறிசிரங்குக்கும் பழைய ஆட்கள் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். அகராதிகள் இரண்டையும் ஒன்றுபோலவே காட்டினாலும், வகுப்பறையில் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் நல்லது. ஒட்டுவாரொட்டி எல்லாமே தொற்றுநோய்தான்; ஆனால் தொற்றுநோய் எல்லாமே ஒட்டுவாரொட்டி ஆகிவிடாது.

இந்த வேறுபாட்டை லெஜியோனெல்லா அளவுக்குத் தெளிவாகக் காட்டுகிற நோய் குறைவு. அது ஒருவகை நிமோனியா, அதாவது நுரையீரல் அழற்சி. பாக்டீரியாவால் வருவது. உயிரையே எடுக்கக்கூடியது. ஆனாலும் நோயாளி இருமினாலும், பக்கத்தில் படுத்தாலும், அவர் தட்டிலேயே சாப்பிட்டாலும் மற்றவருக்கு வராது. உலகம் முழுவதிலும் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவியிருக்கக்கூடும் என்று மருத்துவ இதழில் பதிவானது ஒரே ஒரு நிகழ்வுதான், 2014-இல் போர்ச்சுகலில். அதையும் "இருக்கக்கூடும்" என்றுதான் எழுதினார்கள்.

அப்படியானால் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க அமெரிக்காவில் அரை ஆண்டு ஆனது.

1976-ஆம் ஆண்டு அமெரிக்கா தன் 200-வது சுதந்திர ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. ஜூலை 21 முதல் 24 வரை ஃபிலடெல்ஃபியா நகரில், பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற பழைய பெரிய ஹோட்டலில், முன்னாள் படைவீரர்களின் அமைப்பான அமெரிக்கன் லீஜியன் தன் மாநில மாநாட்டை நடத்தியது. 2,000-க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். மாநாடு முடிந்து அவரவர் ஊருக்குப் போன பிறகுதான் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் எல்லாம் ஆரம்பித்தன. மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடந்த ஊர்களில் ஆங்காங்கே ஒருவர், இருவர் என்று இறந்தார்கள். ஒரே இடத்தில் எல்லாரும் படுத்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். வேறு வேறு ஊர், வேறு வேறு மருத்துவர் என்பதால், எல்லாரையும் இணைக்கும் நூல் அந்த மாநாடுதான் என்பது ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் வெளியே வந்தது. கடைசிக் கணக்கில் மாநாட்டோடு தொடர்புடைய நோயாளிகள் 182 பேர், அவர்களில் இறந்தவர்கள் 29 பேர். ஹோட்டலுக்குள் போகாமல் அந்தச் சாலையோரமாக நடந்துபோனவர்களையும் சேர்த்தால், நோயுற்றவர்கள் 221, இறந்தவர்கள் 34.

எல்லாருக்கும் முதலில் வந்த பயம் பன்றிக்காய்ச்சல்தான். அந்த ஆண்டின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியில் ஒரு படைமுகாமில் அது தலைகாட்டியிருந்தது. நாடு முழுவதற்கும் தடுப்பூசி போடும் திட்டம் பேச்சில் இருந்தது. அதாவது, எல்லாரும் தேடியது ஓர் ஒட்டுவாரொட்டியை. ஆனால் விசாரணை அதற்கு இடம்கொடுக்கவில்லை. நோயாளியோடு ஒரே அறையில் தங்கியதாலோ, வீட்டில் கூட இருந்ததாலோ யாருக்கும் நோய் வரவில்லை. சாப்பாட்டைச் சந்தேகித்தார்கள். நச்சு உலோகத்தைச் சந்தேகித்தார்கள். நிக்கல் என்று சில காலம் பேச்சு ஓடியது. எதுவும் நிற்கவில்லை. புள்ளிவிவரத்தில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் அதிக நேரம் நின்றவர்களுக்கும், ஹோட்டல் வாசலில் நடைபாதையில் நின்றவர்களுக்கும்தான் நோய் கூடுதலாக வந்திருந்தது. யாரோடு பழகினார்கள் என்பதல்ல, எந்த இடத்துக் காற்றைச் சுவாசித்தார்கள் என்பதே முக்கியமாக இருந்தது.

இன்னொரு விந்தையும் உண்டு. ஆண்டு முழுவதும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்த ஹோட்டல் ஊழியர்கள் பெரும்பாலும் நோயில்லாமல் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே வந்துவிட்டது, ஆக அந்தக் கிருமி அங்கே சில ஆண்டுகளாகவே இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பிறகு எழுதினார்கள்.

கிருமியைக் கண்டுபிடித்த கதையை அறிவியல் ஆசிரியர்களோடு சேர்ந்து நாமும் சொல்லலாம். நோயால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் எல்லா வகையிலும் சோதித்தார்கள். வழக்கமான வளர்ப்பு ஊடகங்களில் ஒன்றும் முளைக்கவில்லை. ஜோசஃப் மெக்டேட் என்ற ஆய்வாளர் கினிப்பன்றிகளுக்கு அந்தத் திசுவைச் செலுத்திப் பார்த்தபோது, கண்ணாடிச் சில்லுகளில் கோல் வடிவக் கிருமிகள் ஒன்றிரண்டு தென்பட்டன. எங்கிருந்தோ தவறி வந்து கலந்தவை என்று அவை அப்போது ஒதுக்கப்பட்டன. டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆய்வகமே காலியாக இருந்தபோது, அவர் பழைய சில்லுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஓர் இடத்தில் அந்தக் கோல்கள் கூட்டமாக இருந்தன. தவறி வந்தவை என்றால் கூட்டமாக வளர்ந்திருக்காதே. பிறகு கோழிமுட்டைக் கருவில், ஆண்டிபயாடிக் சேர்க்காமல் வளர்த்துப் பார்த்தார், வளர்ந்தது. நோயிலிருந்து பிழைத்தவர்களின் இரத்தம் அந்தக் கிருமியை அடையாளம் கண்டுகொண்டது. 1977 ஜனவரி 18 அன்று செய்தி அறிவிக்கப்பட்டது. 1979-இல் லெஜியோனெல்லா நியூமோஃபிலா என்று பெயர் வைத்தார்கள். முதல் பாதி படைவீரர் சங்கத்தின் பெயரிலிருந்து வந்தது, இரண்டாம் பாதிக்கு நுரையீரலை விரும்புவது என்று பொருள். ஹோட்டலோ 1976 நவம்பரிலேயே கதவை மூடிவிட்டது. கெட்ட பெயர் வந்த இடத்தில் யார் தங்குவார்கள்?

இங்கே ஒரு திருத்தம். பல நூல்களில் "ஹோட்டலின் குளிரூட்டும் கோபுரத்தில் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது" என்று எழுதியிருப்பார்கள். உண்மையில் அந்த விசாரணையில் கிருமியின் இருப்பிடம் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவே இல்லை. காற்றின் வழியே வந்தது என்பதுவரைதான் அறிக்கை சொன்னது. கோபுரத்தின்மீது வலுவான சந்தேகம் விழுந்தது பின்னால், மற்ற ஊர்களில் நடந்தவற்றைப் பார்த்த பிறகு. மாணவர்கள் எழுதும்போது "கருதப்படுகிறது" என்று எழுதினால் போதும்.

மற்ற ஊர்களில் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு மிச்சிகன் மாநிலத்தின் போன்டியாக். 1968 ஜூலையில் அங்கே ஓர் அலுவலகத்தில் வேலைபார்த்த 100 பேரில் 95 பேருக்குக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. வந்துபோனவர்களையும் சேர்த்து 144 பேர். அது என்ன அலுவலகம் தெரியுமா? மாவட்ட சுகாதாரத் துறை! விசாரிக்க வந்தவர்களும் அந்தக் கட்டடத்துக்குள் போய்ப் படுத்துவிட்டார்கள். யாருக்கும் நிமோனியா வரவில்லை, யாரும் சாகவில்லை, சில நாளில் எழுந்துவிட்டார்கள். குளிர்சாதனத்தின் நீராவிக் கழிவுக் குழாயிலிருந்து காற்று கசிந்து கட்டடத்துக்குள் போனது என்பதைக் கண்டுபிடித்தார்கள், ஆனால் கிருமி பிடிபடவில்லை. இரத்த மாதிரிகளை மட்டும் உறையவைத்துப் பத்திரப்படுத்தினார்கள். ஒன்பது ஆண்டு கழித்து, ஃபிலடெல்ஃபியாக் கிருமியை வைத்துச் சோதித்தபோது அந்தப் பழைய இரத்தம் பதில் சொன்னது: இதே கிருமிதான். 1965-இல் வாஷிங்டனில் ஒரு மனநல மருத்துவமனையில் பரவிய விடைதெரியாத நிமோனியாவும் இப்படியே தெளிவானது. ஆக, 1976-இல் வந்தது புதிய நோய் அல்ல, முன்பே இருந்த நோய்க்கு அப்போதுதான் பெயர் கிடைத்தது. நிமோனியா இல்லாத லேசான வகையை இன்றும் "போன்டியாக் காய்ச்சல்" என்கிறார்கள்.

சரி, இந்தக் கிருமி எங்கே வாழ்கிறது? ஆற்றிலும் ஏரியிலும் ஈரமண்ணிலும் கொஞ்சமாக எப்போதும் இருக்கிறது. அங்கே அதன் வீடு அமீபா. நன்னீரில் வாழும் அமீபா பாக்டீரியாவைப் பிடித்து விழுங்கிச் செரிக்கும். லெஜியோனெல்லாவை விழுங்கினால் மட்டும் செரிக்க முடியாது. உள்ளே போன கிருமி அமீபாவின் செரிமான வேலையைத் தடுத்துவிட்டு, அங்கேயே பெருகி, கடைசியில் அமீபாவை வெடித்துக்கொண்டு வெளியே வரும். இதை 1980-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ரோபோதம் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். நம் நுரையீரலிலும் கிருமிகளை விழுங்குகிற வெள்ளணுக்கள் இருக்கின்றன. பார்ப்பதற்கும் வேலைக்கும் அவை அமீபா மாதிரியேதான். அமீபாவிடம் கற்ற வித்தையைக் கிருமி இங்கேயும் காட்டுகிறது. நம்மைக் காப்பாற்ற வந்த அணுவையே தன் கூடாக ஆக்கிக்கொள்கிறது. ஆனால் மனித உடம்பிலிருந்து அடுத்த உடம்புக்குப் போக அதற்கு வழி தெரியாது. நாம் அதற்கு முட்டுச்சந்து.

(ஏ நிலை மாணவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: 1992-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நிமோனியா பரவலை விசாரித்தபோது, ஒரு குளிரூட்டும் கோபுரத்தின் நீரில் இருந்த அமீபாவுக்குள் ஏதோ ஒன்று கிடைத்தது. பாக்டீரியா என்றே பல ஆண்டுகள் நினைத்தார்கள். 2003-இல்தான் அது ஒரு பெரும் வைரஸ் என்று தெரிந்தது. மிமிவைரஸ் என்ற பெயரில் தேடிப் படியுங்கள்.)

ஏரியில் இருக்கும்வரை இந்தக் கிருமியால் பெரிய தொல்லை இல்லை. நாம்தான் அதற்கு மூன்று வசதிகளைச் செய்துகொடுக்கிறோம். வெதுவெதுப்பான நீர், ஓடாமல் தேங்கும் குழாய், அந்த நீரைப் பொடிப்பொடியாகத் தூவும் கருவி. 20 பாகை செல்சியஸுக்குக் கீழே கிருமி உயிரோடு இருக்கும், பெருகாது. 20-க்கும் 45-க்கும் இடையில் பெருகும், 35-ஐ ஒட்டி நன்றாகவே பெருகும். 60-க்கு மேல் தாக்குப்பிடிக்காது. குழாயின் உட்புறத்தில் கைபட்டால் வழுக்குகிற பாசிபோன்ற படலம் இருக்கும் அல்லவா, அமீபாவும் கிருமியும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். குளோரின்கூட அங்கே எளிதில் எட்டாது. மூன்றாவது வசதிதான் ஆபத்தானது. திவலை என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறிய திவலைகளாக நீர் சிதறும்போது, அது மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விடுகிறது. அதே தண்ணீரைக் குடித்தால் பொதுவாக ஒன்றும் ஆகாது. விழுங்கும்போது புரையேறி நுரையீரலுக்குள் போனால்தான் சிக்கல். அது பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு நேர்வது.

திவலை எங்கிருந்தெல்லாம் வரும் என்பதற்குச் சில நிகழ்வுகள். 1989-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் போகலூசா என்ற ஊரில், பேரங்காடியில் கீரை, காய்கறி வாடாமல் இருக்கப் புகைபோல நீர் தூவுகிற கருவியிலிருந்து வந்தது. நம்ம ஊர்ப் பேரங்காடிகளிலும் அப்படிக் கருவி பார்த்திருப்பீர்கள். 1999-இல் நெதர்லாந்தில் ஒரு மலர்க் கண்காட்சியில் விற்பனைக்காக ஒரு சுழல்நீர்த் தொட்டியைச் சுடுநீரோடு ஓடவிட்டிருந்தார்கள். யாரும் அதில் இறங்கவில்லை, பக்கத்தில் நடந்துபோனவர்கள்தான் நோயுற்றார்கள். சுமார் 30 பேர் இறந்தார்கள். 2000 ஏப்ரலில் மெல்பர்னில் புதிதாகத் திறந்த மீன்காட்சியகத்துக்குப் போனவர்களில் 125 பேருக்கு நோய் வந்தது; அங்கே காரணம் குளிரூட்டும் கோபுரம்.

குளிரூட்டும் கோபுரம் என்றதும் பிள்ளைகள் "அப்போ எங்க வீட்டு ஏர்கான்?" என்று கட்டாயம் கேட்பார்கள். வீவக வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஏர்கானில் இப்படி நீரைத் தூவிக் குளிரவைக்கும் ஏற்பாடு கிடையாது. அதிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிகிற நீர். கோபுரம் என்பது பேரங்காடி, மருத்துவமனை, பெரிய அலுவலகம் போன்றவற்றின் மொட்டைமாடியில் இருப்பது. கட்டடத்தின் சூட்டைச் சுமந்துவரும் நீரை மேலிருந்து சொரியவிட்டு, மின்விசிறியால் காற்றடித்து ஆறவைப்பார்கள். பராமரிப்பு சரியில்லாவிட்டால் அந்தத் திவலை காற்றோடு தெருவுக்கும் போகும்.

நோய் எப்படி இருக்கும்? கிருமி உள்ளே போய்ப் பெரும்பாலும் 2 முதல் 10 நாளில் கடுமையான காய்ச்சல், குளிர்நடுக்கம், தலைவலி, இருமல், மூச்சுத்திணறல். சாதாரண நிமோனியாவிலிருந்து பிரித்துக் காட்டுவதுபோலச் சிலருக்கு வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் சேரும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் நோயோ குறைந்த எதிர்ப்புச் சக்தியோ உள்ளவர்கள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். பிள்ளைகளுக்கு வருவது அரிது. பென்சிலின் வகை மருந்துகள் இதில் வேலை செய்யாது, ஏனென்றால் கிருமி நம் அணுவுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அணுவுக்குள் புகக்கூடிய அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவைதான் கேட்கும். அதனால் மருத்துவர் சந்தேகப்பட்டால்தான் சரியான மருந்து சீக்கிரம் கிடைக்கும். சிறுநீரைச் சோதிக்கும் விரைவுச் சோதனை உண்டு, ஆனால் அது முக்கியமான ஒரு வகையைத்தான் காட்டும். சிகிச்சை பெற்றாலும் பத்து முதல் இருபது நோயாளிகளில் ஒருவர் இறக்கிறார். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் சிகிச்சை இல்லாமல் இருந்தால் பாதிக்கும் மேற்பட்டோர்கூட இறக்கலாம்.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு உறுப்பினரையும் சொல்லிவிடுகிறேன், தோட்டக்கலை மன்றம் நடத்தும் ஆசிரியர்களுக்காக. லெஜியோனெல்லா லாங்பீச்சே என்பது தண்ணீரைவிட மண்ணை விரும்புவது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பூந்தொட்டிக்கான உரமண்ணிலிருந்து பலருக்கு வந்திருக்கிறது. அங்கே உரமண் பையின்மேல் எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். பையை முகத்துக்கு நேரே பிரிக்காதீர்கள், மண்ணைக் கொஞ்சம் நனைத்துவிட்டுக் கிளறுங்கள், பிறகு கைகழுவுங்கள். அவ்வளவுதான்.

நம்ம ஊருக்கு வருவோம். குளிர்நாடுகளின் வழிகாட்டி நூல்களில் "குளிர்ந்த நீரை 20 பாகைக்குக் கீழே வையுங்கள், சுடுநீரை 60-இல் வையுங்கள்" என்று இருக்கும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ குழாயைத் திறந்தால் வருகிற "பச்சைத் தண்ணீர்" 20-ஐவிடச் சூடாகத்தான் இருக்கும். அதாவது நம் குளிர்ந்த நீரே கிருமிக்கு வசதியான நீர். ஆகவே இங்கே வெப்பநிலையை நம்ப முடியாது, சுத்தம் செய்வதையும் மருந்திடுவதையும் நீரை ஓடவிடுவதையும்தான் நம்ப வேண்டும். சிங்கப்பூரில் குளிரூட்டும் கோபுரங்களுக்கும் நீரூற்றுகளுக்கும் 2001-இலிருந்து தனி விதிமுறைகள் உண்டு. குறித்த காலத்தில் கழுவ வேண்டும், நீரைச் சோதிக்க வேண்டும். நோயும் அதிகாரிகளுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் இருக்கும் சட்டத்துக்குத் தமிழில் தொற்றுநோய்கள் சட்டம் என்றுதான் பெயர், ஒட்டுவாரொட்டிச் சட்டம் என்றல்ல!

2020-இல் ஊரடங்கு முடிந்து கட்டடங்களைத் திறந்தபோது பல நாடுகளின் சுகாதார அமைப்புகள் இதையே நினைவூட்டின: பல வாரம் குழாயில் தேங்கிய நீரை அப்படியே பயன்படுத்தாதீர்கள். நீண்ட பள்ளி விடுமுறைக்கும் அது பொருந்தும். உடற்பயிற்சிக் கூடத்துக் குளியலறையின் பூத்தூவல் குழாய்கள்தான் முக்கியம். முதல் நாள் மாணவர்களை விடுவதற்கு முன்பு, தூவல் தலையைக் கழற்றிவிட்டோ அதன்மேல் துணி சுற்றியோ, நீர் தெறிக்காமல் சில நிமிடம் ஓடவிட வேண்டும். இது பராமரிப்பு ஊழியர்களின் வேலை என்றாலும், நடந்ததா என்று கேட்பதில் தப்பில்லை.

வகுப்பில் இதைக் கருத்தறிதலாகக் கொடுப்பவர்களுக்கு ஒரு வினா: "லெஜியோனெல்லா நோயாளி ஒருவர் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். அவருடைய குடும்பத்தினரைத் தனிமைப்படுத்த வேண்டுமா? காரணத்துடன் விளக்குக." "வேண்டும், ஏனெனில் இது தொற்றுநோய்" என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. "வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் பாதி. ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது, நீர்த்திவலையைச் சுவாசிப்பதால் வருகிறது, ஆகவே அவர் அண்மையில் போன இடங்களின் நீரைச் சோதிக்க வேண்டும் என்பதுவரை வந்தால் முழு மதிப்பெண். அதே அலுவலகத்தில் இரண்டு பேருக்கு வந்திருந்தால்? அப்போதும் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தார் என்று ஆகாது. இருவரும் ஒரே நீரைச் சுவாசித்திருக்கிறார்கள். இதைத் துணைவினாவாக வைத்துப் பாருங்கள், யார் புரிந்து எழுதினார்கள், யார் மனப்பாடம் செய்து எழுதினார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.